ஊறுகாய் ஜாடியில் ஒரு கடல்பன்றி

ரயிலேறப் போகிற என் மகளுக்கு,

நீ ஹாலில் பெட்டியை விரித்துப் போட்டுத் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு சுவர். அதைவிடப் பெரியதாக, சில நாட்களாக நாம் பேசாமல் வைத்திருக்கும் பேச்சு. என் தலைக்கு மேல், புளிப் பானைக்குப் பக்கத்தில், அந்தப் பீங்கான் ஜாடி இருக்கிறது. அதில் இருப்பதைக் கேட்டாய். தர மாட்டேன் என்றேன். “ஒரு நகத்தளவு போதும்மா” என்றாய். நகத்தளவும் கிடையாது என்றேன். உன் அப்பா ஆயுள் முழுக்க ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர் அல்லவா, இப்போதும் ஷண்டிங் எஞ்சின் மாதிரி ஹாலுக்கும் சமையலறைக்கும் போய்ப் போய் வருகிறார். இங்கே வந்து “குடுத்துடேன்” என்கிறார். அங்கே போய் “விட்டுடேன்” என்கிறார். எந்தப் பெட்டியும் நகரவில்லை.

இதை நேரில் சொல்லாமல் நம் பகுதிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவானேன் என்று நீ கேட்பாய். நீ மைக்கில் பேசினாய், நான் அச்சில் பேசுகிறேன். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில். ஞாயிற்றுக்கிழமை இது வெளியாகும்போது நீ கொச்சியில் இருப்பாய். அப்பா கத்தரித்து அனுப்புவார். ஜாடியில் இருப்பது மாங்காய் என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கடல்பன்றியின் முதுகுத் தோல், கல் உப்பில் கிடக்கிறது. கடல்பன்றி என்பது, டால்பின் என்கிறோமே, அந்த ஓங்கிலுக்கும் திமிங்கலத்துக்கும் சொந்தக்காரப் பிராணி. மீன் அல்ல. மூச்சு விடும், குட்டி போடும், பால் கொடுக்கும். முதுகில் துடுப்பு இருக்காது.

போன வாரம் உன் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். கடல் பாலூட்டிகளை ஆராயப் போகும் மாணவி என்று உன்னை மேடையில் உட்கார வைத்தார்கள். நானும் அப்பாவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம், என் மடியில் உனக்கான காபி பிளாஸ்க். பேராசிரியர் மைக்கை உன் பக்கம் திருப்பி, “இந்தத் துறையில் ஆர்வம் எப்படி வந்தது?” என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முந்தானையைக்கூடச் சரி செய்துகொண்டேன். நீ சொன்னாய்: “கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு சிறப்பு விருந்தினர் வந்து திமிங்கலங்கள் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். அன்றுதான் எல்லாம் தொடங்கியது.” எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். ஆட்டோவில் திரும்பும்போது, நாம் கோவளம் போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அங்க போய் கருவாட்டுக் கதையெல்லாம் சொல்ல முடியுமாம்மா? சிரிப்பாங்க” என்றாய்.

சிரித்தால் என்ன? நாமே சிரித்த கதைதானே அது. உனக்கு மறந்துபோயிருக்கலாம் என்று எண்ணித்தான் திரும்பச் சொல்கிறேன்.

தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு இந்த ஊரின் குரல்களை அந்த ஊரின் குரல்களோடு கோத்துவிடுவது என் வேலை. ஒருவர் “ஹலோ” என்று சொல்லும்போதே யார் என்று தெரிந்துவிடும். பிறகு எல்லோரும் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேசும் காலம் வந்தது. எங்களைத் தூக்கி பில் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அந்த வருத்தத்தில் இருந்த நாட்களில்தான் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. திமிங்கலங்கள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன, வெகு தொலைவிலிருந்து பதில் வருகிறது என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது என் வேலை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரிடமும் போய் நிற்கவும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பெருமைதான்.

படித்தால் போதுமா, பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். தாம்பரத்தில் பஸ் ஏறி, சோழிங்கநல்லூரில் மாறி, நாவலூர் தாண்டி, கேளம்பாக்கத்து உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைக்க, கோவளத்தில் இறங்குவோம். நாவலூரில் அப்போதுதான் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. நீ ஒவ்வொரு வாரமும் எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று பார்ப்பாய். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், அப்பா யாரிடமோ இரவல் வாங்கி வந்த பைனாகுலர். படகுகளுக்கு அந்தப் பக்கம் மணலில் துண்டை விரித்துக் கடலைப் பார்ப்போம். ஒன்றும் வராது. அடுத்த வாரமும் போவோம். ஒன்றும் வராது.

அங்கே மீன் விற்கிற கன்னியம்மாதான் நம்மை முதலில் கேலி செய்தவள். வெற்றிலை போட்ட வாயோடு கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

“இன்னா டெலிபோன்மா, வாராவாரம் வந்து மீனும் வாங்காம கடலையே பார்த்துகினு கீற? அது இன்னா உன் மாமியார் வூடா?”

“ஓங்கில் பார்க்க வந்திருக்கோம்.”

“அத்த பார்த்து இன்னா பண்ணப் போற? அது உன்னிய பார்த்தா ஓடிப்பூடும்.”

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கூச்சம் இருக்கும்தான். திரும்பும் பஸ்ஸில் என்னிடம் சண்டை போட்டாய். “என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் ட்யூஷன் போறாங்க, நான் மட்டும் காலிக் கடலைப் பார்த்துட்டு வரேன்” என்றாய். அடுத்த ஞாயிறு நான் தனியாகக் கிளம்பினேன். நீ பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்து ஏறிக்கொண்டாய், தலைகூடச் சீவவில்லை. அன்றுதான் அவை வந்தன. அலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு, பிறகு இன்னொன்று. துடுப்பு வைத்தவை, ஓங்கில்கள். ஒன்றின் துடுப்பில் எலி கடித்தாற்போல ஒரு வெட்டு. நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துபோயிற்று. அந்த வெட்டை வைத்து அடுத்த தடவை அதையே அடையாளம் கண்டுபிடித்தவள் நீ. துடுப்பின் தழும்பைப் பார்த்து ஆளை அடையாளம் வைப்பது ஓர் ஆராய்ச்சி முறை என்று பிறகு உனக்குப் பாடத்தில் வந்தது. அப்போது நமக்கு அது முறை என்று தெரியாது. ஆளைத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

இப்போது ஜாடிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிறு நாம் இறங்கியபோது படகுப் பக்கம் கூட்டம். வலையில் சிக்கிச் செத்த ஒரு கடல்பன்றியை மணலில் போட்டிருந்தார்கள். உன் உயரம்கூட இல்லை. கருஞ்சாம்பல் நிறம், வழவழவென்று நனைந்த டயர் மாதிரி. புத்தகத்தில் பார்த்ததைத் தொட்டுப் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம். நீ வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாய். “கூரா இல்லம்மா, மண்வெட்டி மாதிரி தட்டையா இருக்கு, கடல்பன்றிதான், போர்பாய்ஸ்” என்று கத்தினாய். முதுகைத் தடவினேன். துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் விரலில் தட்டுப்பட்டன. வலைக்காரர் ஒருவர், “தண்ணிக்குள்ளயே செத்துச்சும்மா, மேல வர முடில” என்றார். கடலில் பிறந்து, கடலிலேயே மூச்சு முட்டிச் சாவது. நான் அதுவரை அதை வார்த்தையாகத்தான் படித்திருந்தேன்.

நம் திட்டம் நமக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்தது. எலும்புக்கூடு வேண்டுமென்றால் பிராணியை மணலில் புதைத்து ஒரு வருஷம் விட்டுவிட வேண்டும். சதையை மண் தின்றுவிடும், எலும்பு சுத்தமாக வரும். வலைக்காரர்களைக் கெஞ்சி, சவுக்குத் தோப்பு ஓரம் குழி வெட்ட வைத்தோம். புரட்டி இறக்கும்போது கன்னியம்மா குனிந்து பார்த்தாள். வயிற்றோரம் வெள்ளையாகக் கசிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்தாள். முகம் மாறிவிட்டது.

“பால்மா. குட்டி போட்ட உடம்பு இது.”

“குட்டி எங்க இருக்கும்?” என்று நீ கேட்டாய்.

“எங்க இருக்கும்? ஆயிய தேடிகினு சுத்தும்.” சொல்லிவிட்டு அவள் விடுவிடுவென்று போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு கூடை நிறையக் கல் உப்பு. மீன் காயப் போட வைத்திருந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள், அவர்களிடமும் கூடைகள்.

நீ குறுக்கே நின்றாய். “அம்மா, உப்பு போட்டா அழுகாதும்மா! எலும்பு வராது. கருவாடு ஆயிடும்!”

“த பாரு பாப்பா,” என்றாள் கன்னியம்மா. “பால் கட்டின உடம்ப நாங்க வெறும் மண்ணுல போட மாட்டோம். மனுசியா இருந்தா போடுவியா? உப்பு போட்டாதான் அது கண்ண மூடும். நீ படிச்ச பொண்ணு, உன் பொஸ்தகத்துல இன்னா போட்டுக்கீதோ எனக்குத் தெரியாது.”

நீ என்னைப் பார்த்தாய். கன்னியம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் “போடுங்க” என்றேன்.

அன்றிலிருந்து அதை நீ என் தப்பு என்று சொல்லிவருகிறாய். அப்பாவும் சொல்கிறார். மகள் சொன்னது அறிவியல், அம்மா செய்தது மூடநம்பிக்கை என்று உன் தோழிகள்கூடச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமலா? வருஷா வருஷம் மாங்காய் போடுகிறவள் நான். தெரிந்துதான் சொன்னேன். அந்தக் குழி அவர்கள் வெட்டியது, கரை அவர்களுடையது, அந்தப் பிராணியைப் பார்த்துக் கண் கலங்கியதும் அவர்கள்தான். நமக்கு எலும்பு வேண்டும் என்பதற்காக அவர்கள் கையைத் தட்டிவிட என்னால் முடியாது. நாளைக்கு மறுபடி நடந்தாலும் மறுபடி “போடுங்க” என்றுதான் சொல்வேன்.

மறு வருஷம் பொங்கல் கழிந்து மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு போனோம். தோண்டத் தோண்ட வாசனை வந்தது. அழுகிய வாசனையில்லை, கோவளம் முழுக்கக் காய்கிற அதே வாசனை. வயிற்றுப் பக்கம் மண்ணோடு போயிருந்தது. உப்பு கூடுதலாக விழுந்த முதுகும் தலையும் அப்படியே, பழைய செருப்புத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர், “அக்கா, கொழம்பு வெச்சா கோவளம் மொத்தமும் துன்னலாம்” என்றார். நீ மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் ஓரம் போய் நின்றுகொண்டாய். நானும் கன்னியம்மாவும்தான் தலையையும் முதுகுத் தோலையும் பிரித்துச் சாக்கில் கட்டினோம்.

பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை, முன் சீட்டில் உட்கார்ந்தாய். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து என் காலடியில் கிடந்த சாக்கருகே நின்றார்.

“இன்னாமா அது, நாறுது?”

கடல்பன்றி என்று சொன்னால் இறக்கிவிடுவார். முன் சீட்டிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், நீ சொன்னாய்: “கருவாடு சார்.”

“இவ்ளோவா? கல்யாணமா வூட்ல?”

“ஆமா சார். எனக்குத்தான்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக்கூட மறந்துவிட்டார். நீ எழுந்து வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். தாம்பரம் வரும்வரை நம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தால் அடங்கும், பார்த்தால் மறுபடி பீறிட்டுக்கொண்டு வரும். உன் வாழ்க்கையில் நான் உன்னோடு அப்படிச் சிரித்த இன்னொரு நாள் எனக்கு நினைவில்லை. உனக்கு உண்டென்றால் எழுது.

தலையை மொட்டை மாடியில் சலவைச் சோடா போட்டுப் பல நாள் ஊற வைத்துச் சுத்தம் செய்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று நாகரிகமாக இருமினார். அப்பா, “இந்த வீட்டுல என்னைக் கேள்வி கேக்காத ஒரே ஜீவன் அதுதான்” என்று மண்டையோட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தோலை மட்டும் எனக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அம்மா வீட்டுச் சீராக வந்த ஊறுகாய் ஜாடியில் உப்பைக் கொட்டி அதில் வைத்தேன். எதற்கு என்று கேட்டாய். அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்க்க என்று சொன்னேன். வேறு காரணம் எதுவும் அன்றைக்கு இல்லை. பிற்காலத்தில் உபயோகப்படும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்ததாகக் கதை கட்ட மாட்டேன்.

பிறகு கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிறு. அன்று நாம் போகவில்லை. உனக்குக் காய்ச்சல். நாம் துண்டு விரிக்கும் இடமும் சவுக்குத் தோப்பு ஓரமும் அடையாளமே தெரியாமல் போயின. கன்னியம்மா பிழைத்தாள், அவள் குடிசை பிழைக்கவில்லை. நாம் பார்க்கப் போனபோது கூடையில்லாமல் கை வீசிக்கொண்டு நின்றாள். “டெலிபோன்மா, அந்தப் பன்னி உன் வூட்லதானே கீது? பத்திரம்” என்றாள். அத்தனை போனவளுக்கு அதைக் கேட்கத் தோன்றியது. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நாம் கோவளம் போவது குறைந்தது, உன் கல்லூரி வந்ததும் போவதே நின்றுபோனது. அந்தப் பழைய கரையிலிருந்து நம்மிடம் மிச்சமிருப்பது அந்த மண்டையோடும் ஜாடியில் இருப்பதும்தான். நான் ஏன் தர மறுக்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

உன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாகப் பேசினேன் என்று வேண்டாம். நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். நம் கடலோரத்துக் கடல்பன்றிகள் எல்லாம் ஒரே கூட்டமா, கரைக்குக் கரை தனிக் கூட்டமா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கரையை விட்டு அதிகம் விலகாத பிராணிகள் அவை. தனிக் கூட்டம் என்றால், இங்கே வலையில் சிக்கிச் சிக்கி அழிந்தால், வேறு கரையிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. அதன் மரபணுவைப் படித்துத் தெரிந்துகொள்ளத் தோலில் ஒரு துணுக்கு போதும், ஆனால் நம் கரையின் பழைய தோல் எங்கும் இல்லை. மண்ணில் போனதெல்லாம் மண்ணாகிவிட்டது. “சோடாவுல ஊறின மண்டையோடு உதவாது, உப்புல இருந்ததால இது மட்டும் படிக்கிற நிலைமையில இருக்கலாம்மா” என்றாய். வேண்டிய இடத்தில் அனுமதிக் கடிதமும் வாங்கிவிட்டாய். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.

ஆனால் கொச்சி ஆய்வகத்துக்கு நீ எழுதிய குறிப்பை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் படித்தேன். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. “உள்ளூர்வாசிகளால் முறையற்ற வகையில் உப்பிட்டுப் புதைக்கப்பட்ட உடல்” என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். உள்ளூர்வாசிகள். அதில் ஒருத்தி நான், ஒருத்தி கன்னியம்மா. இன்னொருத்தி நீ! முறையற்ற வகை என்று எழுதிய அதே தாளில், அந்த முறையற்ற வகையால்தான் இது மிஞ்சியிருக்கிறது என்றும் எழுத வேண்டாமா? அறிவியலுக்கு நன்றி தேவையில்லை என்பாய். இருக்கட்டும், நடந்ததை நடந்தபடி எழுதுவதாவது தேவையா இல்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். கடலில் கணக்கெடுக்கப் போகும்போது ஒன்றும் கண்ணில் படாத நாளையும் எழுத வேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எங்கே, எவ்வளவு நேரம் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று எழுதாவிட்டால் கண்ட நாளுக்கும் அர்த்தமில்லாமல் போகும் என்றாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அப்படியானால் மேடையில் நம் ஞாயிற்றுக்கிழமைகளை ஏன் விட்டுவிட்டாய்? படம் காட்டினவர் வந்த நாளை எழுதிக்கொண்டாய். காலிக் கடலைப் பார்த்துவிட்டு வந்த நாட்களை எழுதவில்லை. உன் முறைப்படியே அது தப்பான கணக்கு.

அந்த இனத்தைப் பற்றிப் படித்ததில் எனக்கு ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. உன்னிடம் சொன்னதில்லை. ஓங்கில் சீட்டியடிக்கும், பெரிய திமிங்கலம் பாடும், அதெல்லாம் நம் காதுக்குக் கேட்கும். இந்தக் கடல்பன்றியின் குரல் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதாம். ஊரார் குரலையெல்லாம் கேட்டே பிழைத்தவளுக்கு வாய்த்தது கேட்காத குரல். முதலில் கோபமாக வந்தது. பிறகு ஜாடியைத் திறந்து அந்த முடிச்சுகளைத் தொடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், கேட்கவில்லை என்பதால் அது பேசாமல் இல்லை. நீ போகிற இடத்தில் பெரிய பெரிய கருவிகள் இருக்கும், கேட்காததையும் கேட்க வைக்கும். நல்லது. கரையில் நிற்கிற பெண்களிடம் கருவி இல்லாமலே கேட்டுக்கொள். அவர்கள் உப்புக் கூடையோடு வந்தால், தள்ளி நின்று வழி விடு. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள். புத்திமதி என்று உனக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு என்பதைப் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் ஜாடியை இறக்கினேன். நீ அன்றைக்குச் சொன்னபடியே, புது பிளேடை நெருப்பில் காட்டி, கை படாமல், முடிச்சு வரிசையின் ஓரத்திலிருந்து நகத்தளவு வெட்டி நீ வைத்த சின்னக் குப்பியில் போட்டேன். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிக்காதே. அந்தக் குட்டி தேடிக்கொண்டு சுற்றியது என்று கன்னியம்மா சொன்னாளே, அதன் வம்சம் இன்னும் நம் கரையில் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும். அதற்காகத் தருகிறேன். குப்பியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன்: ‘கோவளம். பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கடல்பன்றி. உப்பு போட்டவர் கன்னியம்மா. புதைத்ததும் தோண்டியதும் ஒரு தாயும் மகளும்.’ உங்கள் ஆய்வகத்து எண்ணை அதற்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். இதைக் கிழிக்கக் கூடாது.

மீதி ஜாடியில் இருக்கும். பழைய தோல், முதல் தடவையே சரியாக வரும் என்று சொல்ல முடியாது, மறுபடி ஒரு துணுக்கு வேண்டியிருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மறுபடி கேள். மொத்தத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதாகவும் சொன்னாய். சட்டம் வரட்டும், காபி போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன், யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். நீதான் வர வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. முதலில் கோவளம். ஒன்றும் கண்ணில் படாவிட்டாலும் வெயில் ஏறும்வரை உட்கார வேண்டும். பிறகுதான் ஜாடி.

மூடியைத் திறந்த வாசனை ஹாலுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. துணி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இத்தனை நாள் கழித்து, நீ குரலை மாற்றிக் கேட்கிறாய்:

“இன்னாமா அது, நாறுது?”

பேனாவை மூடிவிட்டு வருகிறேன். இதற்குப் பதில் எழுத்தில் சொல்ல முடியாது.

அம்மா